பாதியில விட்ட டிகிரிய வேலை அனுபவத்த வச்சு முடிக்கிறது எப்படி (அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு)

கல்யாணமாகி அமெரிக்கா வந்து, கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷப் படிப்பு குடுக்கற உள்ளூர் காலேஜ்) 50 கிரெடிட் (ஒவ்வொரு பாடம் முடிச்சா சேர்ற புள்ளி) வரைக்கும் சேர்த்து, குழந்தை பிறந்ததும் அதை அப்படியே போட்டுட்டு, அப்புறம் ஒரு வேர்ஹவுஸ்ல 9 வருஷம் ஸ்டாக் கணக்கு பாத்து, கடைசில 41 வயசுல வீட்ல உக்காந்தே பேச்சுலர் டிகிரி முடிச்சிட்டேன். எப்படின்னு கேக்கற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதிடறேன். ஃபார்ம் ஃபில் பண்றது, அக்கவுண்ட் ஓப்பன் பண்றதெல்லாம் நீங்களே பாத்துப்பீங்க.

ஸ்டெப் 1: காலேஜ் முதல்ல, பரீட்சை அப்புறம்

க்ளாஸுக்குப் போகாமலே பரீட்சை எழுதியும், வெளில ஆன்லைன் கோர்ஸ் முடிச்சும், வேலைல கத்துக்கிட்டத காட்டியும் கிரெடிட் வாங்கலாம். ஆனா எல்லாரும் தலைகீழா பண்றாங்க. கிடைச்ச ஆன்லைன் கோர்ஸ் எல்லாம் முடிச்சிட்டு அப்புறம் காலேஜ் தேடினா, பாதி கிரெடிட்ட எடுத்துக்க மாட்டேன்னுடுவாங்க. ஏஸ்னு சொல்ற அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் "இதுக்கு இத்தனை கிரெடிட் குடுக்கலாம்"னு சிபாரிசு தான் பண்ணும், குடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது காலேஜ்.

பேச்சுலருக்கு பொதுவா 120 கிரெடிட். காலேஜுக்கு மெயில் போட்டு மூணு கேள்வி கேளுங்க: வெளியேர்ந்து எத்தனை எடுத்துப்பீங்க, அப்பர் லெவல் (மூணாவது, நாலாவது வருஷப் பாடம்) எத்தனை வேணும், உங்ககிட்டயே எத்தனை படிக்கணும். போன்ல கேக்காதீங்க, எழுத்துல பதில் வேணும். நியூயார்க்ல எக்ஸெல்சியர் (1971), நியூ ஜெர்சில தாமஸ் எடிசன் ஸ்டேட் (1972), கனெக்டிகட்ல சார்ட்டர் ஓக் (1973), இந்த மூணும் நம்மள மாதிரி வேலைக்குப் போறவங்களுக்குன்னே ஆரம்பிச்சது, தேடல அங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்.

அக்ரெடிடேஷன் (காலேஜோட தரத்துக்கு அங்கீகாரம்) இருக்கான்னு சீயா (CHEA, அங்கீகாரம் குடுக்கற அமைப்புகள கவனிக்கற கவுன்சில்) சைட்ல பாத்துக்கோங்க. "ரெஸ்யூம் அனுப்புங்க, பணம் கட்டுங்க, பத்து நாள்ல டிகிரி"ன்னு எவனாவது சொன்னா ஓடிருங்க.

ஸ்டெப் 2: ஒரு ஷீட்

கூகுள் ஷீட் போதும், இதுக்குன்னு இருக்கற ஆப் எல்லாம் எனக்குப் பிடிக்கல. டிகிரிக்கு வேண்டிய ஒவ்வொரு கோர்ஸும் ஒரு வரி, பக்கத்துல அது எங்கேர்ந்து வரப்போகுதுன்னு. இத நான் லேட்டா போட்டதால ஒரு பரீட்சை வீணாப் போச்சு. கம்யூனிட்டி காலேஜ்ல சோஷியாலஜி முடிச்சத மறந்துட்டு அதே சப்ஜெக்ட்ல பரீட்சை எழுதி பாஸ் பண்ணேன், ஒரே பாடத்துக்கு ரெண்டு தடவ கிரெடிட் கிடையாதுன்னுட்டாங்க.

ஸ்டெப் 3: க்ளெப்

க்ளெப் (CLEP) காலேஜ் போர்டு நடத்தற பரீட்சை, பாடத்த காலேஜ்ல படிக்காமலே எழுதி கிரெடிட் வாங்கறதுக்கு, 34 சப்ஜெக்ட் இருக்கு, ஸ்கோர் 20லேர்ந்து 80 வரைக்கும். ஏஸ் சொல்றது 50, ஆனா உங்க காலேஜ் அதுக்கு மேல கேக்குதான்னு பாத்துக்கோங்க. பெரும்பாலும் ஒரு பரீட்சைக்கு 3 கிரெடிட், சிலதுக்கு 6. ஃபெயிலானா அதே சப்ஜெக்ட்ட மூணு மாசம் கழிச்சு தான் திரும்ப எழுத முடியும். மாடர்ன் ஸ்டேட்ஸ்னு ஒரு சைட்ல ஃப்ரீயா படிச்சு முடிச்சா பரீட்சை ஃபீஸுக்கு வவுச்சரும் தராங்க, அத விட்டுட்டு சொந்தக் காசு போடாதீங்க.

பரீட்சைன்னாலே வயித்தக் கலக்கும்னா சோஃபியானு ஆன்லைன் கோர்ஸ் சைட் இருக்கு, ஆனா அதுல பெரும்பாலும் லோயர் லெவல் தான். அப்பர் லெவலுக்கு ஸ்டடி டாட் காம் போங்க.

ஸ்டெப் 4: போர்ட்ஃபோலியோ (நான் மாட்டிக்கிட்ட இடம்)

பரீட்சை இல்லாத பாடத்துக்கு, வேலைல கத்துக்கிட்டத எழுதி ஆதாரத்தோட குடுத்தா பேராசிரியர் ஒருத்தர் பாத்து கிரெடிட் குடுப்பார். இன்வென்டரி மேனேஜ்மென்ட்டுக்கு போட்டேன். 9 வருஷமாச்சே, கண்ண மூடிட்டு குடுத்துருவாங்கன்னு நெனச்சேன். திரும்பி வந்துருச்சு.

எழுதினது இப்படி: "தினமும் ஸ்டாக் சரிபார்த்தேன், ஆர்டர் போட்டேன், ஆறு பேர மேற்பார்வை பாத்தேன்." வீட்டுக்காரர் படிச்சிட்டு, "இது ரெஸ்யூம் மாதிரில்ல இருக்கு, இதுல நீ என்ன கத்துக்கிட்ட?"ன்னார். கோவம் வந்துச்சு, ஆனா அவர் சொன்னது சரி. இந்த மதிப்பீட்டுக்கெல்லாம் அளவுகோல் வகுக்கற கேல் (CAEL) அமைப்பு சொல்றதும் அதே தான்: வேலை பாத்த வருஷத்துக்கு கிரெடிட் கிடையாது, அதுல கத்துக்கிட்டதுக்கு தான்.

ரெண்டாவது தடவ அந்த பாடத்தோட சிலபஸ பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதினேன். ஒரு சாமான் ஒரு நாளைக்கு 40 பெட்டி போகும், சப்ளையர் அனுப்ப 6 நாள் ஆகும், அப்போ 240. லாரி லேட்டானா தாங்கறதுக்கு இன்னொரு 80. ஆக 320க்கு இறங்கின உடனே ஆர்டர் போடணும். இத கைப்பழக்கமா பண்ணிட்டிருந்தேன், லீட் டைம், சேஃப்டி ஸ்டாக், ரீஆர்டர் பாயின்ட்னு பாடத்துல பேர் இருக்கறதே அப்ப தான் தெரியும். அப்புறம் ஒரு டிசம்பர்ல விற்பனை ஏறி அந்த 320 பத்தாமப் போனது, எல்லா மாசத்துக்கும் ஒரே எண் வச்சது ஏன் தப்பு, அதுக்கப்புறம் கணக்க எப்படி மாத்தினேன்னு எழுதினேன். அந்த தப்பு பத்தின பகுதி ரொம்ப நல்லாருக்குன்னு குறிப்பு வந்துச்சு, கிரெடிட்டும் வந்துச்சு.

ஆதாரம் விஷயத்துல ஒண்ணு. மேனேஜர் முதல்ல குடுத்த லெட்டர்ல "கடின உழைப்பாளி, நேர்மையானவர்"னு இருந்துச்சு. சந்தோஷம், ஆனா உதவாது. என்ன வேலை, எத்தனை வருஷம், எத சொந்தமா முடிவெடுத்தீங்கன்னு லெட்டர்ஹெட்ல வேணும், நீங்களே பாயின்ட் எழுதிக் குடுத்துருங்க. கம்பெனி ஷீட் வைக்கறதா இருந்தா கேட்டுட்டு, விலை, கஸ்டமர் பேரெல்லாம் அழிச்சிட்டு வைங்க.

ஸ்டெப் 5: மிச்சம் காலேஜ்லயே எடுக்க வேண்டியது, எனக்கு கேப்ஸ்டோனும் (டிகிரி கடைசில பண்ற ப்ராஜெக்ட் கோர்ஸ்) இன்னும் ரெண்டு கோர்ஸும். எல்லாம் ஆன்லைன் தான். இதுக்கு ஆஃபீஸ்ல கேட்டுப் பாருங்க, படிப்புத் திட்டம் வச்சிருக்கற கம்பெனி வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் உங்களுக்கு வரி இல்லாம குடுக்கலாம்.

அப்டேட்: இந்தியாவுல படிச்ச ரெண்டு வருஷம் சேருமான்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. சேர வாய்ப்பு இருக்கு, ஆனா மார்க்ஷீட்ட அப்படியே அனுப்பினா பத்தாது, டபிள்யூ.இ.எஸ் (WES, வெளிநாட்டுப் படிப்ப அமெரிக்கக் கணக்குக்கு மதிப்பிடற நிறுவனம்) மாதிரி இடத்துல மதிப்பீடு பண்ணணும். அதுல கோர்ஸ்-பை-கோர்ஸ் (ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியா மதிப்பிடற ரிப்போர்ட்) தான் வேணும், விலை கம்மியா இருக்கேன்னு டாக்குமென்ட் மட்டும் பாக்கற ரிப்போர்ட் வாங்கிட்டு ஒருத்தர் ரெண்டு தடவ காசு கட்டினார். எந்த நிறுவனத்தோட ரிப்போர்ட்ட எடுத்துப்பாங்கன்னு காலேஜ்கிட்ட கேட்டுட்டு கட்டுங்க.

இன்னொரு அப்டேட்: தமிழ் பேசறதுக்கு கிரெடிட் உண்டான்னு கேட்டவங்களுக்கு, ஆக்ட்ஃபல் (ACTFL)ங்கற மொழி ஆசிரியர்கள் அமைப்போட ஓ.பி.ஐ.னு ஒரு பேச்சுத் தேர்வு, தமிழ்லயும் இருக்கு, ஆக்ட்ஃபல் தேர்வுகளுக்கு ஏஸ் சிபாரிசும் உண்டு. தாய்மொழிக்கு குடுக்க மாட்டோம்னு சொல்ற காலேஜும் இருக்கலாம், அதனால மெயில்ல நாலாவது கேள்வியா இதையும் சேர்த்துக்கோங்க. ஷீட்ல எலெக்டிவ் (விருப்பப் பாடம்) வரி காலியா இருக்கான்னு பாத்துட்டு ஸ்லாட் புக் பண்ணுங்க.