பின்பக்கக் கொட்டகைக்குச் சீமை ஓடு: எங்கே தப்பு நடக்கிறது?

விறகு, மண்வெட்டி, பழைய சைக்கிள் போட்டுவைக்க எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கொட்டகை. தகரம் போட்டால் உள்ளே வெந்துபோகும் என்று பலர் சீமை ஓட்டுக்கு, அதாவது மங்களூர் ஓட்டுக்கு, வருகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். மரச்சட்டம் கட்டி, ஓட்டைத் தாங்கும் குறுக்குப் பட்டிகளான ரீப்பரும் அறைந்துவிட்டு, அப்புறம் ஓடு தேடிப் போகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஓரடிக்கு ஒரு ரீப்பர் அறைந்திருந்தோம். வந்த ஓட்டுக்கு அரை அங்குலம் கூடுதலாக வேண்டியிருந்தது. மொத்தத்தையும் பிடுங்கி மறுபடி அடித்தோம்.

மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் ஓட்டு ஆலை தொடங்கியபின், கோழிக்கோடு பக்கத்துப் பேரோக் வரை ஏகப்பட்ட ஆலைகள் வந்துவிட்டன. ஓடுகள் பார்க்க ஒரே சாயல், அளவு ஒன்றல்ல. ஆகவே ஓட்டை முதலில் வாங்குங்கள். பதினோரு ஓட்டைத் தரையில் கவிழ்த்து, ஒன்றோடொன்று கோத்து நீளவாக்கில் அடுக்குங்கள். ரீப்பரில் மாட்டிக்கொள்ள ஓட்டின் அடியில் நீட்டிக்கொண்டிருப்பதுதான் மூக்கு. முதல் ஓட்டின் மூக்கிலிருந்து கடைசி ஓட்டின் மூக்குவரை, நன்றாக இழுத்துவிட்டு ஒருமுறையும் நெருக்கித் தள்ளி ஒருமுறையும் அளந்து, சராசரியைப் பத்தால் வகுத்தால் ரீப்பர் இடைவெளி வந்துவிடும். இடித்த வீட்டு ஓடு மலிவாகக் கிடைக்கும். அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்து ஒரே ஆலையுடையதாகப் பொறுக்குங்கள். கலந்து வாங்கினால், ஓடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பள்ளங்களான காடிகள் கவ்வாது.

அடுத்தது சாய்வு. பார்வைக்குத் தாழ்வாக இருந்தால் அழகு என்று குறைத்துவிடுகிறார்கள். 26 பாகைக்குக் கீழே போனால், காற்றோடு அடிக்கிற மழை காடி வழியே உள்ளே ஏறும். எட்டடி அகலத்துக்கு இருபக்கச் சாய்வு என்றால் முகடு குறைந்தது இரண்டடி உயர வேண்டும். நான் இரண்டரை வைப்பேன். ஒரே பக்கச் சாய்வு என்றால் நான்கடி. அந்த நான்கடியைக் கேட்டதும்தான் பலர் மனசு மாறுகிறார்கள்!

கனத்தையும் மறக்கிறார்கள். நூறு சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு, 350 கிலோவை ஒட்டி வரும். தகரத்துக்குப் போட்ட மெல்லிய சட்டம் இதைத் தாங்காது. பச்சை மரமும் வேண்டாம், காயும்போது முறுக்கிக்கொள்ளும்.

கண்ணுக்கே தெரியாத தப்பு ஒன்று கீழ் ஓரத்தில் நடக்கும். மற்ற வரிசைகளின் அடிநுனி கீழே உள்ள ஓட்டின்மேல் உட்கார்கிறது. முதல் வரிசைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அங்கே ரீப்பரை ஓட்டின் கனத்துக்கு உயர்த்தி அடிக்காவிட்டால் அந்த வரிசை தொங்கும், இரண்டாம் வரிசையின் கீழே சந்து விழும். அணில் குடிவந்துவிடும்.

சட்டம் முடிந்ததும் இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பாருங்கள். கோணினால் ஓரத்து ஓடுகளை வெட்டியே மாள வேண்டியிருக்கும். புயல் தொடும் ஊரென்றால் ஓரத்து ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். முகட்டு ஓட்டுக்குச் சிமெண்டை அள்ளிப் பூசினால் மரம் அசைய அசைய வெடிக்கும். சுண்ணாம்பு கலந்த சாந்து பொறுத்துப்போகும்.

வேலை முடிந்ததும் அதே முத்திரையில் இருபது ஓடாவது கொட்டகைக்குள் அடுக்கிவையுங்கள். தேங்காய் விழுகிற அன்று கடையில் அந்த அளவு கிடைக்காது.