மார்கழி, தையில் நெற்றைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்கிறீர்களா?

பூத்திருக்கும்போது சாலையோர மரத்துக்கு யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லிவிடலாம். மார்கழி, தையில்தான் சோதனை. கிளையில் காய்ந்த நெற்று மட்டுமே தொங்கும். அண்ணாந்து பார்த்துவிட்டு, "தட்டையா நீளமா இருக்கு, குல்மொஹர்தான்" என்று முடித்துவிடுவோம்.

வாகைக்கும் தட்டை நெற்றுதானே! ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாகை நெற்று ஏறக்குறைய ஒரு சாண் நீளம், வைக்கோல் நிறம், காகிதம் போல மெலிசு. விதை இருக்கும் இடமெல்லாம் வெளியிலேயே புடைத்துத் தெரியும். குல்மொஹர் நெற்று கரும்பழுப்பு. 2 அடி வரை நீளும், கட்டை மாதிரி கெட்டி. வெறுங்கையால் பிளப்பது சிரமம். பிளந்தால் ஒவ்வொரு விதையும் குறுக்குவாட்டில் தனிக்குழியில் படுத்திருக்கும்.

சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். காற்றில் வாகை நெற்று கலகலப்பதைக் கழைக்கூத்தாடிகளின் பறையோசைக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகை. ஆனால் முற்றிய குல்மொஹர் நெற்றும் ஆட்டினால் ஒலிக்கத்தான் செய்யும். அந்தப் பாட்டு 'வெண்ணெற்று' என்று நிறத்தையும் சேர்த்துச் சொல்கிறது பாருங்கள், அதுதான் நல்ல அடையாளம்.

பெயரும் காலை வாரிவிடும். மஞ்சள் பூ பூக்கும் பெருங்கொன்றையை இயல்வாகை என்றும் சொல்வார்கள். அது வாகையும் இல்லை, சரக்கொன்றையும் இல்லை. அதன் நெற்று விரல் நீளம்தான். செம்பு நிறம், இரு முனையும் கூர்.

கீழே கிடப்பதை எடுத்து மேலே நிற்கும் மரத்தோடு முடிச்சுப் போடுவது இன்னொரு தவறு. நான் பல தடவை ஏமாந்திருக்கிறேன். நம் சாலைகளில் ஒரு குல்மொஹர், பக்கத்திலேயே ஒரு பெருங்கொன்றை என்று கலந்து நட்டிருப்பார்கள். கிளையில் தொங்குவதும் அதேதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இலையில்லாமல் நெற்று மட்டும் தொங்கினால் பட்டமரம் என்று முடிவுகட்டாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வாகைக்கு தை மாதத்தில் வெட்டுநாள் குறித்தேவிட்டார்கள். சின்னக் கிளையொன்றை நகத்தால் கீறியபோது உள்ளே பச்சை. சித்திரையில் தெருவே மணந்தது.

சரக்கொன்றையில் குழப்பம் குறைவு: உருண்ட, கறுத்த குழல், ஒன்றரை அடி. இளஞ்சிவப்புப் பூ பூக்கும் வெளிநாட்டுக் கொன்றை ஒன்றுக்கும் உருண்ட நெற்று உண்டு. ஆனால் அது இன்னும் தடிமன், சொரசொரப்பு, நீளவாக்கில் வரம்புகள் ஓடும், உடைத்தால் நாறும். சரக்கொன்றையை உடைத்தால் காசு அடுக்கியது போலத் தடுப்புகள், நடுவே பிசுபிசுத்த கறுப்புச் சதை. இனிக்கும் என்று நக்கிப் பார்க்காதீர்கள். நல்ல பேதி மருந்து அது!