பொட்டு வைப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஸ்பேனர், அரிவாள், மண்வெட்டி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது. 2023ல் ஆயுத பூஜை திங்கள்கிழமை வந்தது. சனியிலிருந்து செவ்வாய் வரை நான்கு நாள் விடுமுறை. மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டதையெல்லாம் முடித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். முதல் இரண்டு நாளும் வண்டியைக் கழுவிப் பளபளப்பாக்குவதிலேயே போயின. திங்கள் காலை ஆயில் மாற்றலாமென்று தேடினால், பதினேழாம் நம்பர் ஸ்பேனருக்கு அம்மா பொட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த வருடத்திலிருந்து கணக்கை மாற்றிக்கொண்டேன். ஸ்பேனர் வேலை முதலில், கத்தி வேலை அடுத்து, கழுவுவது கடைசி. பூஜை திங்கள்கிழமை வருகிற வருடத்துக்கு அந்தக் கணக்கை இங்கே சொல்கிறேன்: சனி வண்டி, ஞாயிறு தோட்டம்.

சாமான்களை வெள்ளிக்கிழமை மாலையே வாங்கி வைத்துவிடுங்கள். பூஜை அன்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால் பொரிகடலைதான் கிடைக்கும். என் வண்டி அப்பா ஓட்டிய ஸ்பிளெண்டர் பைக். அதற்கு 10டபிள்யூ30 இன்ஜின் ஆயில், அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கு ஒரு புது வாஷர், செயினைத் துடைக்கக் கொஞ்சம் டீசல். தோட்டத்துக்கு வேப்பெண்ணெயும் காதி சோப்பும்.

சனிக்கிழமை காலையில் முதல் வேலை ஆயில். இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சூடான ஆயில்தான் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, அடியில் பழைய பேசினை வைத்து போல்ட்டைக் கழற்றுங்கள். கடைசிச் சொட்டு விழ இருபது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காமல் கறிவேப்பிலைச் செடிக்குப் போய் நுனிகளையும் காய்களையும் கிள்ளிவிட்டு வாருங்கள். கிள்ளக் கிள்ளத்தான் அது பக்கக் கிளை விடும்.

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் ஸ்பேனர் மேல் ஏறி நிற்காத குறையாக இறுக்கினேன். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், மரை போய்விட்டது. தெருமுனை மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, "இறுக்கம்னா நட்டு கதற்ற இறுக்கம் இல்லக்கா" என்றான். முதலில் விரலால் சுற்றி, உட்கார்ந்ததும் ஸ்பேனரில் ஒரு சின்ன அழுத்தம். அவ்வளவு போதும். ஆயில் முழு லிட்டரும் தேவைப்படாது, ஏறத்தாழ 900 மில்லி பிடிக்கும். ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்துக் கொஞ்சம் பொறுத்து அளவுக் குச்சியில் பாருங்கள். அந்தக் குச்சியை மரை திருகாமல் சும்மா உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். பழைய ஆயிலைத் தயவுசெய்து தென்னைத் தூரில் கொட்டாதீர்கள். பாட்டிலில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

மழைக்கு முன்னால் பிரேக்கையும் டயரையும் பார்க்காமல் விடக் கூடாது. பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தின் நடுவில் உள்ள பிரேக் டிரம் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைப் பாருங்கள். அது எதிரே உள்ள கோட்டுக்கு வந்துவிட்டால் உள்ளே பிடிக்கிற பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மேலே பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், ரப்பருக்கும் வயசாகும். செயினை டீசல் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து வையுங்கள். எண்ணெய் இப்போது வேண்டாம்.

ஞாயிறு தோட்டம். அதில் முருங்கைதான் அவசரம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஈரம் குடித்துக் கனத்த முருங்கைக் கிளை ஒரு காற்றுக்குத் தாங்காது. ஏறி வெட்டுவதற்கும் அது லாயக்கில்லாத மரம். கீழே நின்று தொரட்டியால் எட்டுவதை மட்டும் வெட்டுங்கள். தடித்த கிளைக்கு ஆள் கூப்பிடுங்கள். கை வாளால் அறுப்பதானால் முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுங்கள். இல்லையென்றால் பட்டை தண்டோடு உரிந்து வரும். இன்னொன்று, வெட்டுவதற்கு முன் வண்டியை எடுத்துத் தெருவில் நிறுத்துங்கள். என் மட்கார்டில் இருக்கும் குழி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கம்பளிப்புழு கூட்டமாகத் தண்டில் ஒட்டியிருந்தால் தீப்பந்தம் காட்டலாம். வெறும் கை வைத்தால் ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டியதுதான்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்திருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரோடு சேராது. வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். மல்லிகையைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். அதற்குக் கவாத்து நவம்பர் கடைசியில்தான். ரோஜாவை வெட்டலாம்.

அப்புறம் அந்தப் பழைய டயர். எல்லார் வீட்டுக் கொல்லையிலும், "எதற்காவது ஆகும்" என்று ஒன்று கிடக்கும். எங்கள் வீட்டில் இரண்டு கிடந்தன. அதில் தேங்கும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும், பத்து நாளைக்குள் டெங்குக் கொசு பறக்கத் தொடங்கிவிடும். தூக்கிப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளையும் கவிழ்த்து வையுங்கள்.

ஞாயிறு சாயங்காலம் கழுவல். சைலன்சர் வாயில் பாலிதீன் பையைக் கட்டிவிட்டு வாளித் தண்ணீரில் கழுவினால் போதும். காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். அதற்கு ஸ்பேனர் வேண்டாம் என்பதால், மறந்துபோனால் திங்கள் காலைகூடச் செய்யலாம். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள்.

திங்கள்கிழமை டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய பிறகு, பக்கத்து பங்க் வரை மெதுவாக ஒரு ஓட்டம். முன் டயருக்கு 25, பின் டயருக்கு 28 காற்று. ஒருவர் மட்டும் ஓட்டுகிற கணக்கு இது. வழியில் நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய் கிடக்கும், பார்த்துப் போங்கள்.