நாட்டுக்கோழிக்கு எவ்வளவு லைசின் வேண்டும்? பண்ணையிலேயே கண்டறியும் முறை

பிராய்லர் வளர்ப்பவருக்கு இந்தக் கேள்வி பெரிதாக எழுவதில்லை. குஞ்சு தரும் நிறுவனம் எந்த வயதில் எவ்வளவு அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் கூறு) என்று அட்டவணையும் தந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கம் நாட்டுக்கோழியும் கலப்பின நாட்டுக்கோழியும் வளர்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலும் பிராய்லர் கணக்கைக் குறைத்தோ, 'புரதம் 18 சதவீதம்' என்ற ஒற்றை எண்ணை நம்பியோ தீவனம் அரைக்கிறார்கள்.

புரத சதவீதம் கோழியின் தேவையைச் சொல்வதில்லை. ஆய்வகம் நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கித் தருவதுதான் அந்த எண். 18 சதவீதப் புரதத்தைத் தேங்காய்ப் புண்ணாக்கிலும் எட்டலாம், சோயாவிலும் எட்டலாம். கோழி இரண்டிலும் ஒரே மாதிரி வளராது. அதற்கு வேண்டியது லைசின், மெத்தியோனின், திரியோனின் போன்ற தனித்தனி அமினோ அமிலங்கள். அவற்றில் எது தேவைக்குப் பற்றாமல் முதலில் நிற்கிறதோ அதுதான் வளர்ச்சியின் எல்லை. மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்தில் முதலில் குறைவது மெத்தியோனின், அடுத்தது லைசின், பிறகு திரியோனின்.

இவற்றில் லைசினை முதலில் கண்டறிவது நல்லது. லைசினை 100 என்று வைத்து மற்றவற்றை விகிதமாகச் சொல்வதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். உடலில் லைசின் பெரும்பாலும் தசை கட்டவே செலவாகிறது, ஆய்வகத்தில் அளப்பதும் எளிது. லைசின் எண் கிடைத்துவிட்டால் மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 75, திரியோனின் 66, வேலின் 76, ஐசோலூசின் 67, டிரிப்டோபேன் 17 என்ற விகிதத்தில் மற்றவற்றைக் கட்டிவிடலாம்.

முறை இதுதான். லைசின் மட்டும் தெரிந்தே குறைவாகவும் மற்ற எல்லாம் போதுமானதாகவும் உள்ள ஒரு தீவனத்தை எடுத்து, லைசினைப் படிப்படியாக ஏற்றிக் கொடுக்க வேண்டும். வளர்ச்சி ஏறி எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவே தேவை. சொல்ல எளிது. கெடுவதெல்லாம் 'லைசின் மட்டும்' என்ற இடத்தில்தான்.

அடித்தீவனம்

4 முதல் 8 வாரம் வரையுள்ள குஞ்சுகளுக்கான கலவை இது. 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 58 கிலோ, சோயாப் புண்ணாக்கு 10, கடலைப் புண்ணாக்கு 12, எள்ளுப் புண்ணாக்கு 4, தேங்காய்ப் புண்ணாக்கு 8, தவிடு 3.5 கிலோ. டைகால்சியம் பாஸ்பேட் 1.2 கிலோ, சுண்ணாம்புக்கல் தூள் 1 கிலோ, உப்பு 300 கிராம், வைட்டமின்–தாது உப்பு–கோலின் முன்கலவை 500 கிராம். செயற்கை அமினோ அமிலங்களில் டிஎல்-மெத்தியோனின் 250 கிராம், எல்-திரியோனின் 200, எல்-ஐசோலூசின் 100, எல்-வேலின் 80, எல்-டிரிப்டோபேன் 30 கிராம். மீதி 840 கிராம் மரச்சீனி ஸ்டார்ச்.

சோயாவைக் குறைத்து கடலை, எள், தேங்காய் என்று போனதற்குக் காரணம் உண்டு. சோயாவில் லைசின் சுமார் 2.8 சதவீதம். கடலைப் புண்ணாக்கில் 1.5, எள்ளில் 1, தேங்காயில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே புரதம் 18 சதவீதத்தில் நிற்கும்போதே லைசின் கீழே இறங்கிவிடும். மேலே சொன்ன கலவையில் மொத்த லைசின் சுமார் 0.71, செரிமானமாகும் லைசின் சுமார் 0.59 சதவீதம். கடலையிலும் தேங்காயிலும் ஆர்ஜினின் நிறைய இருப்பதால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

மொத்தத்துக்கும் செரிமானமாவதற்கும் இவ்வளவு இடைவெளி வருவதில் தேங்காய்ப் புண்ணாக்குக்கும் பங்குண்டு. கொப்பரை காயும்போதும் செக்கு சூடாகும்போதும் லைசின் சர்க்கரையோடு பிணைந்துவிடுகிறது. ஆய்வக அறிக்கையில் அது லைசின் என்றே தெரியும், கோழியின் குடலுக்கு அது கிடைக்காது. சோயாவில் லைசின் 90 சதவீதம் செரிமானமாகும். தேங்காய்ப் புண்ணாக்கில் 60 சதவீதத்தைத்தான் நம்பலாம். எனவே கணக்கு முழுவதையும் செரிமானமாகும் லைசினில் போடுங்கள்.

மேலே உள்ளவை வழக்கமான சத்து அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு. சோதனைக்கு வேண்டிய மூலப்பொருள் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கி, மூட்டைக்கு மூட்டை குத்தி எடுத்து, ஒவ்வொன்றிலும் அரை கிலோ மாதிரி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. அமினோ அமிலப் பரிசோதனை இப்போது எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது. மெத்தியோனினும் சிஸ்டினும் வேண்டுமென்றால் முன்னதாக ஆக்சிகரணம் செய்து அளக்கச் சொல்ல வேண்டும். வழக்கமான அமிலச் சிதைப்பில் அவற்றில் ஒரு பகுதி அழிந்து எண் குறைந்து வரும். டிரிப்டோபேனுக்குக் காரச் சிதைப்பு தேவை, அமிலத்தில் அது நிற்காது.

உச்சித்தீவனம்

ஆறு படிகள் வேண்டும். ஆறு தீவனத்தைத் தனித்தனியாகக் கலக்க வேண்டாம். ஆறு முறை எடை போட்டால் ஆறு முறை தவறலாம். மேலே சொன்ன அடி ஒன்று, அதைவிட லைசின் 0.40 சதவீதம் கூடிய உச்சி ஒன்று என இரண்டு மட்டும் கலந்து, அவற்றைத் தம்முள் கலந்தால் போதும்.

எல்-லைசின் ஹைட்ரோகுளோரைடில் 78.8 சதவீதம்தான் லைசின். 0.40 சதவீதம் உயர்த்த 0.40 ÷ 0.788, அதாவது 100 கிலோவுக்கு 508 கிராம். இதோடு குளோரைடும் சுமார் 99 கிராம் உள்ளே வந்துவிடுகிறது. அதைச் சரிக்கட்டாவிட்டால் உச்சித்தீவனம் தின்னும் கோழி கூடுதல் குளோரைடையும் தின்னும். கடைசியில் வந்த வித்தியாசம் எதனால் என்று சொல்ல முடியாது. எனவே உச்சியில் உப்பை 300 கிராமிலிருந்து 140 ஆகக் குறைத்து, சோடியம் பைகார்பனேட் 230 கிராம் சேர்க்கவும். சோடியம் அப்படியே நிற்கும். ஸ்டார்ச்சை 840 கிராமிலிருந்து 262 ஆகக் குறைத்தால் மொத்தம் மறுபடி 100 கிலோ.

அடியும் உச்சியும் 100:0, 80:20, 60:40, 40:60, 20:80, 0:100 என்று கலந்தால் செரிமானமாகும் லைசின் 0.59, 0.67, 0.75, 0.83, 0.91, 0.99 என்ற ஆறு படிகள் கிடைக்கும். உங்கள் மூலப்பொருளின் ஆய்வக முடிவு வேறாக வந்தால் தொடங்கும் எண் மாறும், படியின் உயரம் மாறாது.

508 கிராம் பொடியை 100 கிலோ தீவனத்தில் நேராகக் கொட்டினால் ஒரு கோழிக்கு நிறைய, ஒரு கோழிக்கு ஒன்றுமில்லை என்றாகும். முதலில் 1 கிலோ அரைத்த சோளத்தோடு பிசிறி, அதை 5 கிலோவாக்கி, பிறகு 20 கிலோவாக்கி, அதன்பின் மிக்சரில் போடுங்கள்.

கூண்டும் கோழியும்

ஆறு தீவனம், ஒவ்வொன்றுக்கும் 6 தடுப்பு, தடுப்புக்கு 10 குஞ்சு. மொத்தம் 360 (ஒப்பிட்டுப் பார்க்கப் பின்னால் சொல்லும் ஏழாவது குழு இதில் சேராது). குஞ்சு ஒன்று இந்த நான்கு வாரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ வரை தின்னும் என்று வைத்தால், சிந்துவதையும் சேர்த்து அடி 300 கிலோ, உச்சி 300 கிலோ போதும். 3 அடிக்கு 4 அடி தடுப்பு 10 குஞ்சுக்கு நெருக்கடி தராது.

ஒரே பெரிய தடுப்பில் 60 கோழியை விட்டு ஒவ்வொன்றாக எடை போட்டாலும் அது ஒரே ஓர் அளவுதான், 60 அளவு ஆகாது. தடுப்பே அலகு. இடம் குறைவென்றால் தடுப்புக்கு 8 கோழி விடலாம், ஆனால் தடுப்பின் எண்ணிக்கையை நான்குக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்.

சோதனைக்கு முந்தைய நாள் எல்லாக் குஞ்சையும் எடை போட்டு, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் ஒதுக்குங்கள். சேவலும் பெட்டையும் தெரிந்தால் ஒவ்வொரு தடுப்பிலும் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். ஷெட்டை நீளவாக்கில் ஆறு பகுதியாக்கி, ஒவ்வொரு பகுதியிலும் ஆறு தீவனமும் ஒரு முறை வரும்படி சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கமாகச் சாரல் அடிக்கும். அந்த முனையில் ஈரம், மறு முனையில் உலர்வு. ஒரே தீவனம் முழுவதும் ஈர முனையில் மாட்டிக்கொண்டால் வந்த முடிவு சாரலின் முடிவுதான். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஷெட் வைத்திருப்பவர்கள் தீவனத்தட்டை உயரமான விளிம்போடு வைத்து, திரையும் கட்டிக்கொள்ள வேண்டும். காற்றில் பறந்த மாவு கோழி தின்ற கணக்கில் ஏறிவிடும்.

தடுப்பூசி போட வேண்டியிருந்தால் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். இடையில் தவிர்க்க முடியாவிட்டால் எல்லாத் தடுப்புக்கும் ஒரே நாளில் போடவும்.

தொடக்கத்திலும் முடிவிலும் காலையில் நான்கு மணி நேரம் தீவனம் நிறுத்தி, தடுப்புவாரியாக எடை எடுக்கவும். கொடுத்த தீவனம், மிஞ்சிய தீவனம் இரண்டையும் எழுதவும். செத்த கோழியை அன்றே எடை போட்டு நாளும் குறிக்கவும். அது தின்ற தீவனமும் கணக்கில் இருக்கிறது அல்லவா, அதன் எடையைச் சேர்க்காவிட்டால் தீவன மாற்றுத்திறன் (ஒரு கிலோ எடை கூடத் தின்ற தீவனம்) பொய்யாகும்.

கணக்கு

தீவனத்துக்கு ஆறு தடுப்பின் சராசரி எடை கூடுதலை எடுத்து, கிடைமட்டத்தில் லைசின், செங்குத்தில் எடை என்று கட்டத்தாளில் குறியுங்கள். கணக்கு விளங்குவதற்காக இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 0.59-ல் 340 கிராம், 0.67-ல் 388, 0.75-ல் 436, 0.83-ல் 470, 0.91-ல் 472, 0.99-ல் 471.

முதல் மூன்று புள்ளியும் ஒரே சாய்வில் ஏறுகின்றன: 0.08-க்கு 48 கிராம், அதாவது 0.01-க்கு 6 கிராம். கடைசி மூன்றும் தட்டையாகிவிட்டன; அவற்றின் சராசரி 471. அடியிலிருந்து தட்டை வரை ஏற வேண்டியது 131 கிராம். 131-ஐ 6-ஆல் வகுத்தால் சுமார் 22, அதாவது 0.22. 0.59-ஓடு கூட்டினால் 0.81. சாய்கோடும் தட்டைக்கோடும் முட்டும் அந்த இடம்தான் தேவை. எக்செல்லில் ஸ்லோப், இன்டர்செப்ட் இரண்டு சூத்திரமும் இதைச் செய்துவிடும்.

இந்த எண் சராசரிக் கோழிக்கானது. மந்தையில் பாதிக்கு இதைவிடச் சற்றுக் கூடுதல் வேண்டியிருக்கும் என்பதால், நான் இதன்மேல் 3 முதல் 5 சதவீதம் சேர்த்தே தீவனம் கட்டச் சொல்வேன். எடைக்குப் போட்ட கணக்கையே தீவன மாற்றுத்திறனுக்கும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். பொதுவாக அதில் எண் சற்று மேலே வரும். தீவனம்தான் பெரிய செலவு என்பதால் இரண்டில் பெரியதை எடுப்பதே நியாயம்.

எண்ணைச் சதவீதமாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். கோழி நாளுக்கு 45 கிராம் தின்றபோது 0.81 சதவீதம் என்றால், அது தின்றது 365 மில்லிகிராம் லைசின். மார்ச் முதல் மே வரை புழுக்கத்தில் தீவனம் 40 கிராமாகக் குறைந்தால் அதே 365 மில்லிகிராம் கிடைக்கத் தீவனத்தில் 0.91 சதவீதம் இருக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-ல் பிராய்லருக்கு முதல் மூன்று வாரம் 1.10, அடுத்த மூன்று வாரம் 1.00 என்று மொத்த லைசின் சொன்னதும் கிலோவுக்கு 3200 கிலோகலோரி உள்ள தீவனத்துக்குத்தான். மேலே தந்த அடித்தீவனத்தில் சுமார் 2750. எரிசக்தி மாறினால் தின்னும் அளவு மாறும், சதவீதமும் மாறும்.

முடிவு கோணலாக வந்தால்

ஆறு படியும் தட்டையாக வந்தால் அடித்தீவனத்தில் லைசின் ஏற்கெனவே போதும் என்று பொருள். சோயாவை இன்னும் குறைத்துக் கடலையைக் கூட்ட வேண்டும். ஆறு படியும் ஏறிக்கொண்டே போனால் உச்சி போதவில்லை.

கெட்ட முடிவு மூன்றாவது வகை. கோடு அழகாக ஏறித் தட்டையாகும், ஆனால் தட்டையே தாழ்வாக இருக்கும். வேறு ஏதோ ஒன்று குறைந்து வளர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். லைசின் தேவை குறைவு என்ற பொய் எண்ணோடு நீங்கள் திருப்தியாகப் போய்விடுவீர்கள். இதைக் காட்டிக்கொடுக்க ஏழாவதாக ஒரு குழு வேண்டும்: சோயா நிறைந்த, எல்லாம் போதுமான நல்ல தீவனம். உச்சிக் குழு அதற்குச் சமமாக வளரவில்லை என்றால் சோதனையை நம்பாதீர்கள்.

அப்படிப் பிடித்து வைப்பதில் நம் ஊரில் முதலிடம் பூஞ்சைக்கு. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம். கடலைப் புண்ணாக்கு ஈரத்தில் இரண்டு வாரம் கிடந்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஏறிவிடும். 20 பிபிபி-க்கு (நூறு கோடியில் 20 பங்கு) மேல் இருந்தால் அந்த மூட்டையைச் சோதனைக்குள் விடாதீர்கள். வெயில் நிலைக்கும் மாதங்களில் சோதனை வைப்பது பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

அடுத்தது மரச்சீனி. ஸ்டார்ச்சாக வாங்கினால் சிக்கல் இல்லை. தோலோடு சீவிக் காயவைத்த கிழங்கில் சயனைடு மிஞ்சியிருக்கும். அதை நீக்கக் கோழியின் உடல் கந்தகத்தைச் செலவழிக்கிறது, அந்தக் கந்தகம் மெத்தியோனினிலிருந்தும் சிஸ்டினிலிருந்தும் போகிறது. நீங்கள் அளந்து போட்ட மெத்தியோனின் இப்படிக் கரைந்தால் லைசின் ஏற ஏறவும் பலன் தெரியாது. ரப்பர்க்கொட்டைப் புண்ணாக்குக்கும் இதே எச்சரிக்கை.

குளச்சல், முட்டம் பக்கத்துக் கருவாட்டுப் பொடி லைசினுக்கு அருமையான பொருள், ஆனால் சோதனைத் தீவனத்தில் வேண்டாம். மணலும் உப்பும் மூட்டைக்கு மூட்டை மாறும். யூரியா கலந்திருந்தால் புரதம் மட்டும் ஏறித் தெரியும், அமினோ அமிலம் இருக்காது. சோயாவையும் பார்த்து வாங்க வேண்டும்: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புரதக் கரைதிறன் 70 முதல் 85 சதவீதம் இருக்கட்டும். 70-க்குக் கீழே என்றால் கருகியது, லைசின் போய்விட்டது. 85-க்கு மேலே என்றால் வேகவில்லை, செரிமானத்தைத் தடுக்கும் பொருள் மிஞ்சியிருக்கிறது.

எண் கிடைத்த பிறகு அடுத்த மந்தையில் மூன்று தீவனம் வைத்துச் சரிபார்க்கவும்: இப்போது நீங்கள் போடும் தீவனம், கண்டறிந்த அளவில் கட்டியது, அதைவிட 10 சதவீதம் கூட்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே எடையில் நின்றால் கண்டறிந்த அளவையே வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது முந்தினால் ஆறு படியையும் 0.08 மேலே தள்ளி மறுபடி வைக்க வேண்டும்.