நியூ ஜெர்சியில் 403(பி) தொகையை மொத்தமாக எடுத்தால் மாநில வரி எவ்வளவு? படிப்படியான கணக்கு

2024இல் என் மனைவி, பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்று, தமது 403(பி) கணக்கில் (மருத்துவமனை, பள்ளி போன்றவற்றின் ஊழியர்களுக்கான ஓய்வுச் சேமிப்புக் கணக்கு) இருந்த பணம் முழுவதையும் ஒரே தடவையில் எடுத்தார். நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கடனின் மிச்சத்தை அடைப்பதே நோக்கம். வரிப் படிவத்தை நிரப்பும் மென்பொருள் எங்கள் மாநில வரி ஏழாயிரம் டாலரைத் தாண்டும் என்றது. கையால் போட்ட கணக்கில் வந்ததோ ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதே வழியை நீங்களும் போட்டுப் பார்க்கும்படி கீழே எழுதியிருக்கிறேன். எண்களை மட்டும் புரிவதற்கு வசதியாக முழுமைப்படுத்தியிருக்கிறேன்.

கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) வரியைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. மனைவிக்கு வயது 63 என்பதால் ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுப்பவர்களுக்கு உரிய 10 சதவீதக் கூடுதல் வரி எங்களுக்கு இல்லை என்பதும், இத்தகைய தொகையில் 20 சதவீதத்தைக் கூட்டரசுக்காகக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள் என்பதும் தெரிந்திருந்தால் போதும்.

முதல் படி: 1099-ஆர் படிவத்தைச் சரியாக வாசித்தல்

ஓய்வுக் கணக்கிலிருந்து எடுத்த பணத்தைக் காட்டும் இந்தப் படிவத்தில், கட்டம் 1இல் மொத்தத் தொகை 142,000 டாலர் என்றும், கட்டம் 2ஏயில் வரிக்குரிய தொகை அதே 142,000 டாலர் என்றும், கட்டம் 4இல் கூட்டரசுப் பிடித்தம் 28,400 டாலர் என்றும் இருந்தது. வங்கிக்கு வந்து சேர்ந்த 113,600 டாலரை வைத்துக் கணக்கைத் தொடங்கக் கூடாது. பிடித்த பணமும் உங்கள் வருமானமே. கட்டம் 14, அதாவது மாநிலப் பிடித்தம், எங்கள் படிவத்தில் காலியாக இருந்தது. ஓய்வூதியத் தொகையில் மாநில வரியைப் பிடிப்பது நியூ ஜெர்சியில் விருப்பத்தைப் பொறுத்தது. என்ஜே-டபிள்யூ-4பி படிவம் கொடுத்தால்தான் பிடிப்பார்கள். ஆகவே பிடித்தம் இல்லை என்பதை வரி இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கட்டம் 16 மாநிலத்துக்குரிய தொகை என்ற பெயரோடு நிற்பதால் அதை அப்படியே மாநிலப் படிவத்துக்குக் கொண்டுபோகத் தோன்றும். நான் பார்த்த படிவங்களில் அந்தக் கட்டம் கட்டம் 1இன் மறுபதிப்பாகவே இருந்தது.

இரண்டாம் படி: மாநிலம் ஏற்கனவே வரி வாங்கிய பணத்தைக் கழித்தல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பேசுகிறேன். சம்பளத்திலிருந்து 403(பி) கணக்கில் போடும் பணத்துக்குக் கூட்டரசு அந்த ஆண்டில் வரி கேட்பதில்லை. நியூ ஜெர்சி கேட்கிறது. 1984 ஜனவரி 1க்குப் பிறகு 401(கே) கணக்கில் (தனியார் நிறுவன ஊழியர்களுக்கான ஓய்வுச் சேமிப்புக் கணக்கு) போட்ட பணத்துக்கு மட்டுமே மாநிலம் வரியைத் தள்ளிவைக்கிறது. 403(பி)க்கு அந்தச் சலுகை கிடையாது. எனவே என் மனைவி பத்தொன்பது ஆண்டுகளாகத் தம் சம்பளத்திலிருந்து போட்ட ஒவ்வொரு டாலருக்கும் அந்தந்த ஆண்டிலேயே மாநில வரி கட்டியாகிவிட்டது. மொத்தமாக எடுக்கும்போது அந்தப் பங்களிப்புக்கு மேற்பட்ட பகுதிக்கு, அதாவது நிறுவனம் தன் பங்காகப் போட்ட பணத்துக்கும் வளர்ச்சிக்கும் மட்டுமே மாநில வரி உண்டு. கட்டம் 2ஏ கூட்டரசின் பார்வையில் எழுதப்பட்ட எண் என்பதால் இந்தக் கழிப்பு அதில் தெரியாது. கட்டம் 5இல் ஊழியர் பங்களிப்பு என்று இருக்கிறதே என்று அங்கே தேடுபவர்களும் ஏமாறுவார்கள், ஏனென்றால் கூட்டரசு வரி கட்டிய பிறகு போட்ட பணத்துக்கான கட்டம் அது.

அப்படியானால் மொத்தப் பங்களிப்பு எவ்வளவு? ஆண்டுச் சம்பள விவரம் காட்டும் பழைய டபிள்யூ-2 படிவங்களில் மாநில வரிக்குரிய சம்பளம் கட்டம் 16இலும் கூட்டரசு வரிக்குரிய சம்பளம் கட்டம் 1இலும் இருக்கும். எங்கள் படிவங்களில் முன்னது எப்போதும் அதிகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் 403(பி) பங்களிப்பு என்று எண்ணி, பத்தொன்பது ஆண்டுகளுக்கும் கூட்டினேன். 131,000 டாலர் வந்தது. அதைக் கழித்தால் வரிக்குரியது வெறும் 11,000 டாலர். மகிழ்ச்சியாக இருந்தாலும் நம்பும்படி இல்லை, ஏனென்றால் நிறுவனத்தின் பங்கும் பத்தொன்பது ஆண்டு வளர்ச்சியும் சேர்ந்து அவ்வளவு குறைவாக இருக்க வழியே இல்லை.

பிழை எங்கே என்றால், வரிக்கு முன் சம்பளத்திலிருந்து கழியும் மருத்துவக் காப்பீட்டுத் தவணையையும் நியூ ஜெர்சி சம்பளமாகவே கணக்கிடுகிறது. கட்டம் 16இல் அதுவும் சேர்ந்திருந்தது. ஆகவே வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு டபிள்யூ-2விலும் கட்டம் 12இல் ‘இ’ என்ற குறியீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தொகையை மட்டும் கூட்டுங்கள். 403(பி) பங்களிப்புக்கு உரிய குறியீடு அது. ‘டி’ என்று இருந்தால் அது 401(கே). அதை இங்கே கழிக்க முடியாது. ‘இ’ தொகைகளைக் கூட்டியபோது 78,000 டாலர் வந்தது. 142,000இலிருந்து 78,000ஐக் கழித்தால் 64,000. மாநில வருமான வரிப் படிவமான என்ஜே-1040இல் 20ஏ என்ற வரிசையில் இந்த 64,000மும், 20பியில் கழித்த 78,000மும் போகும்.

எங்களிடம் நான்கு ஆண்டுப் படிவங்கள் இல்லை. கூட்டரசு வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் இணையக் கணக்கில் கிடைக்கும் சம்பள விவரப் பதிவில் கடைசிப் பத்து ஆண்டுகள் வரை கிடைத்துவிடும். அதற்கு முந்தையவற்றை டிசம்பர் மாதக் கடைசிச் சம்பளச் சீட்டில் இருந்த ஆண்டு மொத்தத்திலிருந்து எடுத்தேன். சீட்டும் இல்லாதவர்கள் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் பழைய டபிள்யூ-2 நகல் கேட்கலாம். 1978 முதலான படிவங்கள் அவர்களிடம் உண்டு. கணக்கை நிர்வகிக்கும் நிதி நிறுவனத்தின் அறிக்கையை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடையில் நிர்வாகம் கைமாறியிருந்தால் பழைய பணம் முழுவதும் ஒரே வரவாகத்தான் தெரியும். அதில் உங்கள் பங்கு எது, நிறுவனத்தின் பங்கு எது என்று பிரிக்க முடியாது.

மூன்றாம் படி: ஓய்வு வருமான விலக்கு

ஆண்டின் கடைசி நாளில் 62 வயது நிறைந்தவர்களுக்கு நியூ ஜெர்சி ஒரு விலக்கு தருகிறது. அதே படிவத்தின் 27ஆம் வரிசையில் வரும் மொத்த வருமானம் 100,000 டாலருக்குள் இருந்தால், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 100,000 டாலர் வரையும், தனியாளுக்கு 75,000 டாலர் வரையும் ஓய்வு வருமானத்துக்கு விலக்கு உண்டு. 100,001 முதல் 125,000 வரை தம்பதிக்கு வரிக்குரிய ஓய்வுத் தொகையில் 50 சதவீதமும், அதற்கு மேல் 150,000 வரை 25 சதவீதமும் விலக்கு. 150,000ஐ ஒரு டாலர் தாண்டினாலும் எதுவும் இல்லை. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு இங்கே மாநில வரி இல்லை என்பதால் அதை மொத்தத்தில் சேர்க்க வேண்டியதில்லை.

இரண்டாம் படியைத் தவறவிட்டால் இரண்டு முறை இழப்பீர்கள் என்பது இங்கேதான் புலப்படும். என் சம்பளம் 38,000 டாலர். சரியான 64,000ஐச் சேர்த்தால் மொத்தம் 102,000. பாதி விலக்கு கிடைக்கிறது. 142,000ஐச் சேர்த்தால் மொத்தம் 180,000, விலக்கே போய்விடுகிறது. மென்பொருள் செய்தது இதைத்தான். மாநிலத்துக்குரிய தொகையைத் திருத்துவதற்கான கேள்வி அதில் நான்கு திரைகளுக்கு உள்ளே ஒளிந்திருந்தது. 1099-ஆரை அது தானாக இறக்குமதி செய்ததால் நான் அந்தத் திரையைப் பார்க்கவே இல்லை. அதன் பிறகு, கூகுள் ஷீட்ஸில் ஆண்டுக்கு ஒரு வரிசையாக எழுதி முடிவை என் கையில் வைத்துக்கொள்ளாமல் எந்த மென்பொருளையும் திறப்பதில்லை. விதிகளுக்கு மாநில வரித் துறை இலவசமாக வெளியிடும் ஜிஐடி-1 & 2 என்ற கையேட்டை விட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை.

நான்காம் படி: வரியைக் கணக்கிடுதல்

மொத்தம் 102,000. விலக்கு, 64,000இல் பாதி, 32,000. மீதி 70,000. இருவருக்கும் தலைக்கு 1,000 கழித்தால் 68,000. சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு முதல் 20,000க்கு 1.4 சதவீதம், அதாவது 280. அடுத்த 30,000க்கு 1.75 சதவீதம், 525. மிச்சமுள்ள 18,000க்கு 2.45 சதவீதம், 441. ஆக 1,246 டாலர். மாநிலத்தின் வரி அட்டவணையில் பார்த்தால் ஒரு டாலர் முன்பின் வரலாம். கட்டம் 2ஏயை அப்படியே போட்டிருந்தால் 178,000க்கு வரி 7,296 டாலர். வீட்டு வரிக் கழிவை இரண்டு கணக்கிலும் விட்டுவிட்டேன்.

மொத்தத் தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பிச் சராசரி எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டரசில் 1936 ஜனவரி 2க்கு முன் பிறந்தவர்களுக்கு 4972 படிவத்தின் வழியே ஒரு வசதி இருக்கிறது. நியூ ஜெர்சியில் அத்தகைய சராசரி கிடையாது.

கூடுதல் வரி 400 டாலரைத் தாண்டும் என்று தெரிந்தால் என்ஜே-1040-இஎஸ் வழியாக முன்கூட்டியே தவணை கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வட்டி சேரும்.

ஒரு விஷயத்தை டிசம்பருக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். மொத்தம் 102,000 என்பது எல்லையை வெறும் 2,000 டாலரால் மீறுகிறது. என் 401(கே) பங்களிப்பை ஆண்டு முடிவதற்குள் 2,000 டாலர் கூட்டியிருந்தால் மாநில வரிக்குரிய சம்பளம் 36,000 ஆகி, 64,000 முழுவதற்கும் விலக்கு கிடைத்து, வரி 525 டாலரோடு நின்றிருக்கும். 721 டாலரை அப்படித்தான் விட்டேன்.

பிற்சேர்க்கை 1: இதைப் படித்த நண்பர் ஒருவர் தம்முடையது 401(கே) என்றும், தாமும் பங்களிப்பைக் கழித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். 1984க்குப் பிறகு போட்டதானால் கழிக்கக் கூடாது. திருத்திய படிவத்தை அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை 2: டெலவேர் ஆற்றுக்கு அப்பால் பென்சில்வேனியாவில் வசிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே 401(கே) பங்களிப்புக்கும் போடும்போதே 3.07 சதவீத வரி உண்டு. ஓய்வு வயதை அடைந்து ஓய்வு பெற்றபின் எடுப்பதற்கு வரி இல்லை. 1099-ஆர் கட்டம் 7இல் 1 என்ற குறியீடு (ஓய்வு வயதுக்கு முன் எடுத்தது) இருந்தால் தம் பங்களிப்புக்கு மேற்பட்ட பகுதிக்கு வரி வரும்.

பிற்சேர்க்கை 3: நியூ ஜெர்சியில் வேலை பார்த்து, டெக்சஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு எடுத்தால் எந்த மாநிலம் வரி கேட்கும் என்று இருவர் கேட்டார்கள். 1996இல் வந்த கூட்டரசுச் சட்டம், தன் எல்லைக்குள் வசிக்காதவரின் 401(கே), 403(பி), ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுக் கணக்கு) போன்ற கணக்குகளிலிருந்து வரும் பணத்துக்கு எந்த மாநிலமும் வரி விதிக்கக் கூடாது என்கிறது. எடுக்கும் நாளில் நீங்கள் குடியிருக்கும் மாநிலமே பேசும். டெக்சஸில் தனிநபர் வருமான வரி இல்லை. நிரந்தரமாகச் சென்னைக்குத் திரும்பியவர்களுக்கும் நியூ ஜெர்சியைப் பொறுத்தவரை இதே விதிதான், ஆனால் எடிசனில் வீட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் வைத்துக்கொண்டு பாதி ஆண்டு வந்துபோகிறவரை மாநிலம் தன் குடியிருப்பாளர் என்றே வாதிடலாம்.