தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன்னும், முடிவு வந்த பின்னும்

தைராய்டு செயல்பாட்டை அறிய முதலில் பார்ப்பது டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவை. இது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் சற்றே குறைந்தாலும் இது பல மடங்கு ஏறிவிடும் என்பதால், குறைபாட்டை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது. 'தைராய்டு டெஸ்ட்' என்று மட்டும் சொன்னால் பல பரிசோதனைக் கூடங்களில் தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 ஆகியவற்றின் மொத்த அளவையும் சேர்த்தே எடுப்பார்கள். ஹார்மோனின் பெரும்பகுதி ரத்தப் புரதங்களோடு ஒட்டியிருப்பதால், கர்ப்பிணிகளுக்கும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த மொத்த அளவு கூடுதலாகவே தெரியும். ஆகவே டி.எஸ்.எச்.சுடன் ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் டி.எஸ்.எச். இரவில் உயர்ந்து பிற்பகலில் தாழ்வதாலும், உணவுக்குப் பின் சிறிது குறைவதாலும், ஒவ்வொரு முறையும் காலையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே கூடத்தில் ரத்தம் கொடுத்தால்தான் பழைய அறிக்கையோடு ஒப்பிட முடியும். தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின் எடுப்பவர்கள் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட்டுக்கொள்வது வழக்கம். முன்பே போட்டால் சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 உயர்ந்து நிற்கும்.

பலரும் கவனிக்காதது பயோட்டின் என்ற பி வைட்டமின். முடி உதிர்வுக்கென்று வாங்கும் மாத்திரைகளில் இது அதிக அளவில் இருக்கிறது; சில பரிசோதனை முறைகளில் குறுக்கிட்டு, டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத மிகைச்சுரப்பை இருப்பதாகத் தோன்றச் செய்யும். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அளவு மிக அதிகமெனில் இன்னும் முன்னதாக.

டி.எஸ்.எச்.சின் இயல்பு வரம்பு பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 mIU/L வரை என்றாலும், அறிக்கையில் அந்தக் கூடம் அச்சிட்டிருக்கும் வரம்பையே பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்துக்கு வரம்பு வேறு. டி.எஸ்.எச். உயர்ந்து ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் தைராய்டு குறைபாடு. டி.எஸ்.எச். மட்டும் லேசாக உயர்ந்திருந்தால் உடனே மாத்திரை தொடங்குவதைவிட, சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பதும், டி.பி.ஓ. எதிர்ப்பொருள் (உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தைராய்டுக்கு எதிராக உருவாக்கும் புரதம்) சோதனை செய்வதும் பெரும்பாலும் போதும். மாத்திரை அளவை மாற்றியவர்கள் 6 முதல் 8 வாரங்களுக்கு முன் மறுபரிசோதனை செய்வதில் பொதுவாகப் பயனில்லை, டி.எஸ்.எச். நிலைகொள்ள அவ்வளவு காலம் ஆகும். ஃப்ரீ டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். உயரவில்லையெனில், கோளாறு பிட்யூட்டரியில் இருக்கக்கூடும். அந்த அறிக்கையைத் தாமதமின்றி நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.