ஒரே நாளில் செட்டிநாடு: வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

போன தை மாதம் சென்னையிலிருந்து என் சித்தப்பா மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். ஒரு வேன், பதினொரு பேர், கூடவே ஒரு வழிகாட்டி. அவர் கையில் அச்சடித்த தாள் ஒன்று. அதில் ஒன்பது இடங்கள். திருச்சியில் தங்கி, காலையில் திருமயம் கோட்டையைப் பார்த்துவிட்டுப் பத்தரைக்குக் காரைக்குடி வந்தார்கள். நான் அங்கே ஏறிக்கொண்டேன். ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியில் நின்று பார்த்தோம், கடைத்தெருவில் கொஞ்சம் நேரம் போயிற்று. பிள்ளையார்பட்டி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. நடை சாத்தியாகிவிட்டது. குன்றக்குடியிலும் அதே கதை. மூன்று மணிக்கு ஒரு மெஸ்ஸில் நுழைந்தால் தயிர்சாதம் மட்டும் இருந்தது. கானாடுகாத்தானில் அரண்மனையின் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்தோம். வேன் ஆத்தங்குடிக்குத் திரும்பும்போது எட்டு வயது மருமகள் கேட்டாள்: "மாமா, செட்டிநாடு இன்னும் வரலையா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. செட்டிநாடு என்பது ஓர் ஊர் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும், நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்க் கூட்டம். ஒரு காலத்தில் 96 ஊர் என்பார்கள். இப்போது எழுபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கின்றன. பெயர்ப்பலகைதான் வேண்டும் என்றால் கானாடுகாத்தான் பக்கத்தில் 'செட்டிநாடு' என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, போய் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். மற்றபடி, எந்த இரண்டு மூன்று ஊர் என்று முடிவு செய்துகொண்டு வருவதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் 'செட்டிநாடு டூர்' என்று பணம் கட்டினால் பாதி நாள் வேனுக்குள்ளேயே போய்விடும்.

சென்னைக் கணக்கு

சென்னையிலிருந்து காரைக்குடி 400 கிலோமீட்டருக்கு மேல். ஏழு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து வந்து, மூன்று மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏழு மணி நேரம் உட்கார்ந்து போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமல்லபுரம், காஞ்சிபுரம் போய் வருகிற பழக்கத்தில் இதையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். பல்லவன் ரயில் நேரே காரைக்குடிக்கு வருகிறதே என்பார்கள். வருகிறது, ஆனால் பிற்பகலில் எழும்பூரில் கிளம்பி ராத்திரி இங்கே சேரும். இங்கிருந்து அதிகாலையில் புறப்பட்டுவிடும். அதில் வந்து அதிலேயே திரும்பினால் செட்டிநாட்டில் தூங்கிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

சரி, ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? ராத்திரி ரயிலில் மதுரைக்கோ திருச்சிக்கோ வந்து இறங்குங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். இன்னும் நல்லது, மதுரையில் இறங்கித் திருச்சியில் ஏறுவது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் வழியாக வரும்போது பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் காலையிலேயே வந்துவிடும். அப்புறம் காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி. திருச்சி போகிற வழியில் திருமயம். போன வழியே திரும்பி வரும் அலைச்சல் பெரிதாக இருக்காது. என் தங்கை குடும்பம் இதைத் தலைகீழாகச் செய்தது. கோட்டையைக் காலையில் வைத்தார்கள், கோயிலை மதியம் வைத்தார்கள். கோட்டைக்கு நடை சாத்துவது கிடையாதே! மாலையில் வாசலை மூடும் முன் போய்விட்டால் போதும். 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. மேலே ஏறினால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். உச்சிவெயிலில் பாறை மேல் நிற்பதைவிட நாலரை மணிக்கு நிற்பது எவ்வளவோ மேல்.

கோயில் நேரத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல வேண்டும்: பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல் போங்கள். பிள்ளையார்பட்டியில் பாறையைக் குடைந்து செதுக்கிய, இரண்டே கையுள்ள வலம்புரிப் பிள்ளையார். அவரை வரிசையில் நகர்ந்துகொண்டே பார்ப்பதற்குக்கூட அரை மணி நேரமாவது ஆகும். சதுர்த்தி, ஞாயிறு, முகூர்த்த நாள் என்றால் இன்னும் கூடும். கூட்டம் பிடிக்காதவர்கள் பக்கத்தில் இருக்கும் வைரவன்பட்டிக்குப் போகலாம். அதுவும் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று, கல் வேலைப்பாட்டை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

பூட்டு

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீடு பார்க்கத்தான் வருகிறார்கள். தவறுகளும் அங்கேதான் அதிகம்.

அரண்மனை என்று எல்லோரும் சொல்கிறார்கள், பலகையிலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இவை வீடுகள். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் ஊரில் கட்டிய வீடுகள். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாருக்குக்கூட 'செட்டிநாட்டு ராஜா' பட்டம் 1929-இல் வெள்ளைக்காரர்கள் கொடுத்ததுதான். வீடு என்றால் வீட்டுக்காரர் இருப்பார். அதிலும் ஒருவர் இல்லை. இங்கே கலியாணமான தம்பதியை ஒரு புள்ளி என்று கணக்கு வைப்பார்கள். நாலு தலைமுறைக்கு முந்தைய ஐயா கட்டிய வீட்டுக்கு இன்று முப்பது நாற்பது புள்ளிகள் பங்காளிகளாக இருக்கலாம். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அடையாறில், ஒருவர் கோயம்புத்தூரில். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. முகப்பைத் திறந்துவிடும் காவல்காரரிடம் அந்த அறைச் சாவி இருக்காது. "ஐயா, அந்த ரூமையும் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்" என்று அவரை நச்சரிக்கிறார்கள், பாவம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த வீட்டுக்குள் போகப்போகிறோம், அந்த வீட்டில் சொல்லியாயிற்றா? 'கானாடுகாத்தான் அரண்மனை' என்று தாளில் இருந்தால் உள்ளேயா, கேட்டுக்கு வெளியேயா என்று கேளுங்கள். அது பொதுவாக வெளியிலிருந்து பார்க்கிற வீடு. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் அப்படித்தான். ஆத்தங்குடிப் பெரிய வீடு கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடுகிறார்கள். ஆனால் சினிமா ஷூட்டிங் நடந்தால் அன்று கதை வேறு. கானாடுகாத்தானில் சில வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சிறு தொகைக்குக் காட்டுவார்கள். பழைய வீடுகள் சில ஓட்டலாகவும் இருக்கின்றன. முதல் நாளே சொல்லி மதியச் சாப்பாட்டுக்குப் போனால் வளவில் உட்கார்ந்து ஆற அமரப் பார்க்கலாம். கேட்டில் தொங்குவதற்கு அது எவ்வளவோ பரவாயில்லை.

இன்னொன்று, நாள் பார்த்து வாருங்கள். வீட்டில் கலியாணம், முன்னோருக்கான படைப்பு, பிள்ளையார் நோன்பு என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் வந்து சேர்வார்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டில் அன்றைக்குத்தான் அடுப்பு எரியும். வெளியாட்களுக்கு அன்று வேலையில்லை. திறந்திருக்கிறதே என்று கேமராவோடு நேரே வளவுக்குள் நுழைந்த ஒரு கூட்டத்தை நான் பார்த்தேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்த ஆச்சி எதுவும் பேசவில்லை. எழுந்து போய் உள்கதவைச் சாத்தினார். செருப்பைத் திண்ணைக்குக் கீழே விட்டுவிட்டு, முகப்பில் நின்று, "ஆச்சி, உள்ளே வரலாமா?" என்று கேட்டிருந்தால் ஒருவேளை சாப்பிடவே உட்காரச் சொல்லியிருப்பார்.

வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். பர்மாத் தேக்கு உண்மை, இத்தாலிப் பளிங்கு உண்மை, சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்ததும் உண்மை. ஆனால் இந்தச் சுவருக்கு இத்தனை லட்சம் முட்டை என்று துல்லியமாகச் சொன்னால், எண்ணியது யார் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். அன்றைக்கு வந்தவர் "இது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்" என்றார். இல்லை. 2014-இல் இந்தியா அனுப்பிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதோடு சரி. அவர் சொல்லாமல் விட்டதுதான் கேட்க வேண்டிய கதை. 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் இந்த ஊர்களின் வரவை நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு இந்த அளவில் வீடு எழும்பவில்லை. இருக்கிற வீட்டைப் பராமரிப்பதே பாடாகிப்போனது.

கண்ணாடி மேல் ஒரு கல்

ஆத்தங்குடிக்குக் கடைசியாகப் போகாதீர்கள். நாங்கள் போனபோது வேலையாட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் நின்று வேலை நடப்பதைப் பார்க்காமல், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தடுப்புத் தடுப்பாக ஓர் அச்சு. வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சின்னக் கரண்டியால் மொண்டு, சிவப்பு இங்கே, பச்சை அங்கே, மஞ்சள் நடுவில் என்று தடுப்புக்குள் ஊற்றுகிறார். அச்சை நேராகத் தூக்குகிறார். கை ஒரு நூல் ஆடினாலும் பச்சை சிவப்புக்குள் போய்விடும், ஆடுவதில்லை. மேலே உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவுகிறார், ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அதற்குமேல் கலவையை அப்பி, வழித்து, சட்டத்தை உருவுகிறார். சூளை கிடையாது, சுடுவது கிடையாது. காய்ந்தபின் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். பிறகு கண்ணாடியைப் பிரித்தெடுத்தால், கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் இருக்கும்.

பார்த்த ஜோரில் "பத்து கல் கொடுங்கள், பால்கனிக்கு" என்று வாங்கி வேன் டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சிமெண்டுக் கல், கனம் அதிகம். ஊர் போய்ச் சேரும்போது மூலை உடைந்திருக்கும். வேண்டுமென்றால் அளவு சொல்லி ஆர்டர் கொடுங்கள், லாரியில் வரும். பதிக்கத் தெரிந்த ஆளையும் இங்கேயே விசாரியுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது, சிமெண்டு அரித்துவிடும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, நடந்து நடந்துதான் பளபளப்பு ஏற வேண்டும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு தவறுதான்: செட்டிநாடு என்றால் காரம், சிக்கன் என்று வருவது. ஊரெல்லாம் அந்தப் பெயரில் விற்கும் சிவப்புக் குழம்பை இங்கே தேட வேண்டாம். மதியம் இரண்டுக்குள் மெஸ்ஸில் உட்கார்ந்துவிடுங்கள், முன்கூட்டியே போன் செய்து ஆள் கணக்குச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. சாயங்காலம் எங்காவது வெள்ளைப்பணியாரமும் மிளகாய்த் துவையலும் கிடைத்தால் வண்டியை நிறுத்துங்கள். கந்தரப்பம், பால்பணியாரம், கவுனி அரிசி இதெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும். கும்மாயம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

முனீஸ்வரன் கோயில் தெரு

காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் இந்தத் தெருவில் இருக்கின்றன. ரவிவர்மா படம், எனாமல் தூக்குச்சட்டி, பெரிய பெரிய சாவி, மரப்பெட்டி. வேடிக்கை பார்க்க ஒரு மணி நேரம் போதாது. பழசு என்று சொல்லும் எல்லாம் பழசில்லை. பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்த்ததும் உண்டு, பழசாகத் தெரியட்டும் என்று புளி போடாமல் கறுக்க விட்டதும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது, ஓலைச்சுவடி என்றால் 75 வருஷம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும்போது "கடைக்காரர் பரவாயில்லை என்றாரே" என்பது செல்லாது. சாமி சிலை பக்கம் போகவே போகாதீர்கள்.

என் தங்கைக்கு அன்று ஒரு ஜோடித் தேக்குத் தூண் பிடித்துப்போனது. சென்னை வீட்டு ஹாலில் டிவிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தலாம் என்றாள். விலை பேசிக்கொண்டிருந்தபோது, எந்த ஊர் வீட்டுத் தூண் என்று சும்மா கேட்டுவைத்தேன். கடைக்காரர் ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டு வளவில், அந்த வரிசைத் தூணில் ஏதோ ஒன்றில் சாய்ந்துகொண்டுதான் நான் கலியாணப் பந்திக்குக் காத்திருந்தேன்.